அம்மா ஜொகூரில் இறங்கிய நாள்

அப்பா அரசாங்க ரயிலில் பயர்மேன். தீயணைப்பு வேலை என்று நினைத்துவிட வேண்டாம். அவருடைய வேலையே தீயை அணையவிடாமல் பார்த்துக்கொள்வதுதான். சிங்கப்பூர் தஞ்சோங் பகார் ஸ்டேஷனிலிருந்து மலாயாவில் இருக்கும் கெமாஸ் வரை என்ஜின் அடுப்பில் கரியை அள்ளிப் போட்டபடி போவார், மறுநாள் அப்படியே திரும்பி வருவார். தேக்காவில் நாங்கள் குடியிருந்த அறைக்கு அவர் வருவதற்கு முன்பே கரிப்புகை வாசனை மாடிப்படி ஏறி வந்துவிடும். பக்கத்து அறைப் பிள்ளைகளின் அப்பாக்கள் மளிகைக் கடையிலும் துணிக்கடையிலும் வேலை பார்த்தார்கள். அவர்களை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

ரயில்வேயைப் பற்றிப் பேசும்போது அப்பாவின் குரலே மாறிவிடும். சிங்கப்பூரிலிருந்து வடக்கே போவது ஒற்றைத் தண்டவாளம். ஸ்டேஷன் மாஸ்டர் ஒரு பெரிய கம்பி வளையத்தைக் கையில் கொடுத்தால்தான் டிரைவர் அடுத்த ஸ்டேஷனுக்குப் போகலாம். அது இல்லாமல் யாராக இருந்தாலும் அசைய முடியாது என்பார். "கவர்னரே உள்ள இருந்தாலும் நிக்கணும்லா" என்று அவர் சொல்லும்போது எனக்குப் புல்லரிக்கும்.

அம்மாவுக்கு அந்தப் பெருமையெல்லாம் இல்லை. மலாயாக் காடுகளில் கம்யூனிஸ்டுகளுக்கும் அரசாங்கத்துக்கும் துப்பாக்கிச் சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. சில இடங்களில் தண்டவாளத்தையே பெயர்த்துவிடுகிறார்கள் என்று சந்தையில் பேசிக்கொள்வார்கள். ஒருமுறை அப்பாவின் சிநேகிதர் ஒருவர் தலையில் கட்டோடு வந்து எங்கள் அறையில் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டுப் போனார். அவர் ஓட்டிய வண்டி கவிழ்ந்துவிட்டதாம். அன்றிலிருந்து அம்மா, சிராங்கூன் சாலையில் ஒரு கடை வேலைக்குப் போகும்படி அப்பாவைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார். பிறகு இரண்டு பேருமே பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். வேண்டியதையெல்லாம் என் மூலமாகவே சொல்லி அனுப்பினார்கள். வீட்டில் நான் முக்கியமான ஆளாகிவிட்டேன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

பள்ளி விடுமுறையில் ஒருநாள் காலை, அப்பா வேலைக்குப் போன பிறகு, அம்மா எனக்கு நீலக் கவுன் போட்டு இரட்டைப் பின்னல் பின்னினாள். குளுவாங்கில் இருக்கும் மாமா வீட்டுக்குப் போகிறோம் என்றாள். எனக்கு அப்போது எட்டு வயது. மாமா வீட்டில் கோழிகள் உண்டு. வேறென்ன வேண்டும்?

அது எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும் லோக்கல் வண்டி. புக்கிட் தீமாவில் வளையம் கைமாறியதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுக் கத்தினேன். புக்கிட் பாஞ்சாங்கில் கேட்டைச் சாத்தி லாரிகளையும் மாட்டு வண்டியையும் எங்களுக்காக நிறுத்தி வைத்திருந்தார்கள். நான் அவர்களுக்குக் கையசைத்தேன். அம்மா எதையும் பார்க்கவில்லை. கடல்பாலத்தைத் தாண்டும்போது மட்டும் திரும்பித் திரும்பிச் சிங்கப்பூர்ப் பக்கம் பார்த்தாள்.

ஜொகூர் பாருவில் வண்டி நின்றது. "இதோ வந்துடறேன், எடத்த விட்டு எந்திரிக்காத" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். நான் எழுந்திருக்கவில்லை. வண்டிதான் கிளம்பிவிட்டது. அம்மா ஒரு கையைத் தூக்கிக்கொண்டு பிளாட்பாரத்தில் ஓடி வருவது தெரிந்தது. அப்புறம் அதுவும் தெரியவில்லை. இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள்.

நான் அழுத அழுகையில் எதிரே இருந்த சீனப் பாட்டி தன் கூடையிலிருந்த ஆரஞ்சுகளையெல்லாம் என் மடியில் போட்டுவிட்டார். அடுத்து வந்த சின்ன ஸ்டேஷனில் மலாய்க்கார கார்டு ஏறினார். ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் நேராக என்னிடம் வந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். "ஜாங்ஙான் தாக்கூட், அடெக்" என்றார். பயப்படாதே என்று அர்த்தம். என் அழுகை அப்படியே நின்றுவிட்டது. இந்த மனிதருக்கு என் பெயர் எப்படித் தெரியும்? ஜொகூரிலிருந்து அந்தச் சின்ன ஸ்டேஷனுக்கு டெலிபோனில் சொல்லியிருக்கிறார்கள். நீலக் கவுன், இரட்டைப் பின்னல், என் பெயர் எல்லாமே எங்கள் ரயிலுக்கு முன்னால் ஓடிப்போய் எனக்காகக் காத்திருந்தன. அப்பா சொன்னதெல்லாம் உண்மைதான் என்று அந்தப் பயத்திலும் எனக்குப் பெருமையாக இருந்தது.

கூலாயில் கார்டு என்னைக் கையைப் பிடித்து இறக்கி ஸ்டேஷன் மாஸ்டரிடம் ஒப்படைத்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். "அழாதை பிள்ளை. அம்மா அடுத்த வண்டியிலை வாறா" என்று சொல்லித் தன் நாற்காலியிலேயே என்னை உட்காரவைத்தார். குவார்ட்டர்ஸிலிருந்து அவர் மனைவி இடியாப்பமும் சொதியும் கொடுத்தனுப்பினார். மணியடித்த டெலிபோன்களில் பாதி என்னைப் பற்றித்தான். பிள்ளை சாப்பிட்டுவிட்டாளா என்று முன்பின் தெரியாத ஊர்களிலிருந்தெல்லாம் கேட்டார்கள்.

மத்தியானம் சிங்கப்பூர் வண்டி வந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் என்னைப் பிளாட்பாரத்தின் நடுவில் நிறுத்தியிருந்தார். கடைசியில் இருந்த கார்டு பெட்டியிலிருந்து அம்மா குதித்து ஓடி வந்தாள். அதே நேரம் முன்னால் என்ஜினிலிருந்தும் ஒருவர் குதித்து ஓடி வந்தார். முகமெல்லாம் கரி, கண்கள் மட்டும் வெள்ளையாக. அப்பா! அந்த வண்டிக்கு அன்று அவர்தான் பயர்மேன்; அடுப்பு மூட்டக் காலையிலேயே போயிருந்தாலும் அது எங்களுக்குப் பிறகுதான் கிளம்பியிருக்கிறது. ஜொகூரில்தான் அவருக்கே விஷயம் தெரிந்திருக்கிறது. இருவரும் ஒரே வண்டியில், ஒருவர் தலைமாட்டிலும் ஒருவர் கால்மாட்டிலுமாக வந்திருந்தார்கள்.

அம்மா என்னைக் கட்டிக்கொண்டாள். அப்பா எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டார். என் நீலக் கவுன் அத்தோடு ஒழிந்தது. பிறகு அப்பா அம்மாவைப் பார்த்து, "இதே வண்டிதான் குளுவாங் போவுது. ஏறிக்கிறியா?" என்று கேட்டார். அவர் குரல் அவ்வளவு சின்னதாகி நான் கேட்டதேயில்லை.

அம்மா முந்தானையால் அவர் நெற்றிக் கரியைத் துடைத்தாள். "போங்க, நெருப்பு அணைஞ்சிடப் போவுது" என்றாள். "நாளைக்கு வர்றப்ப சந்தையில மீன் வாங்கிட்டு வாங்க."

அப்பா சிரித்துக்கொண்டே ஓடினார். வண்டி வளைவில் மறையும்வரை என்ஜினிலிருந்து வெளியே தொங்கிக்கொண்டு கையாட்டினார். நாங்கள் எதிர்ப்பக்கம் வந்த வண்டியில் சிங்கப்பூருக்குத் திரும்பினோம். மாமா வீட்டுக் கோழிகளைப் பார்க்கவில்லையே என்று வழியெல்லாம் நான் சிணுங்கினேன்.

அதற்குப் பிறகும் அப்பா வெகுகாலம் ரயிலிலேயே இருந்தார். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் இந்தக் கதையைச் சொல்வார். "பொண்டாட்டியையும் புள்ளையையும் ஒரே நாள்ல கொண்டாந்து சேத்த ரயில்வே" என்று முடிப்பார். அம்மா காப்பி ஆற்றிக் கொடுப்பாள்.

எனக்கே ஒரு பெண் பிறந்த பிறகுதான், ஜொகூரில் எதற்கு இறங்கினாய் என்று அம்மாவிடம் கேட்கத் தோன்றியது.

"பாலம் தாண்டறப்ப, உங்கப்பா வேல முடிஞ்சு வந்து பூட்டின கதவ பாப்பாரேன்னு நெனச்சேன்" என்றாள். "மனசு கேக்கல. திரும்பிப் போற வண்டி எத்தன மணிக்குன்னு கேக்கத்தான் எறங்கினேன். ஸ்டேஷன் ஆளு பதில் சொல்றதுக்குள்ள வண்டி ஒன்ன கொண்டுட்டுப் போயிடுச்சு."

"இத அப்பாகிட்ட சொல்லவே இல்லையா?"

அம்மா பேத்தியைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

"எதுக்கு? அவரு ரயிலு கொண்டாந்துச்சுன்னே இருக்கட்டும்லா."