சாம்பவிக்கு வந்த கல்யாண வாழ்த்து

சாம்பவி நாலு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து இத்தாலியின் பலெர்மோ நகருக்கு வந்தவள். பள்ளிக்கூடம், சிநேகிதம், சண்டை எல்லாம் அவளுக்கு இத்தாலியனில்தான். அம்மா ஞானம்பிகையோடு மட்டும் தமிழ். பல்கலைக்கழகத்தில் அவள் சீன மொழியை எடுத்தபோது ஞானம்பிகைக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"சீனனோட என்னத்தைப் பிள்ளை கதைக்கப் போறாய்?" என்று கேட்டார்.

சாம்பவி சிரித்து மழுப்பிவிட்டாள். லிபெர்த்தா என்ற பணக்காரத் தெருவில் ஒரு சின்யோராவின், இத்தாலிய எசமானியின், வீட்டில் அம்மா வேலை செய்வதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவள் அவள். தன் முகத்தைப் பார்த்ததும் இந்த ஊர்க்காரர் "நீ எந்த வீட்டில் வேலை?" என்று கேட்பது அவளுக்குப் பழகிப்போயிருந்தது. தன்னிடம் யாருமே எதிர்பார்க்காத ஒன்றைக் கற்க வேண்டும் என்று நினைத்தாள். அது சீனமாக அமைந்தது.

வகுப்பில் இருந்த இன்னொரு கறுத்த முகம் ஓட்ரியுடையது. அவளும் பலெர்மோவில் வளர்ந்தவள், மொரீசியஸ்காரி. எத்தனையோ தலைமுறைக்கு முன் கரும்புத் தோட்டத்துக்குப் போன தமிழ்க் குடும்பம். வீட்டில் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பார்கள். தமிழில் பேசச் சொன்னால் முழிப்பார்கள். முதல் வாரமே இருவரும் ஒட்டிக்கொண்டார்கள். ஓட்ரி வீட்டுக்கு வந்தால் நேரே குசினிக்குத்தான் போவாள். ஞானம்பிகையை "சீயா" என்று கூப்பிடுவாள். இத்தாலியனில் மாமி, சித்தி எல்லாருக்கும் அந்த ஒரே சொல்தான். இடியப்பத்தைச் சொதியில் ஊறவிட்டு அவள் கையால் அள்ளிச் சாப்பிடுவதைப் பார்த்து ஞானம்பிகை பூரித்துப்போவார். "இவள் போன பிறப்பிலை எங்கடை ஊர்தான்" என்பார்.

இருவருக்கும் ஒன்றாகவே உதவித்தொகை கிடைத்தது. சீனாவின் ஹாங்சோ நகரத்தில் மேற்படிப்பு. ஒரே விடுதி, அடுத்தடுத்த அறை. படிப்பு கடினமாகத்தான் இருந்தது, ஆனால் படித்து முடித்த பிறகு வந்த மாதங்களோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

வேலைச் சந்தைகளுக்குப் போனார்கள். பெரிய மண்டபம், வரிசையாக மேசைகள், ஒவ்வொரு மேசைக்குப் பின்னாலும் சிரித்த முகத்தோடு ஓர் ஆள். சீனத்தில் பேசத் தொடங்கியதும் எல்லாரும் வியப்பார்கள், பாராட்டுவார்கள். வெளிநாட்டவர் என்றால் வேலை அனுமதி எடுக்க வேண்டுமே என்ற நினைவு வந்ததும் அந்தச் சிரிப்பு மெல்லக் கரையும். "எங்கள் நிறுவனத்துக்கு அந்த வசதி இல்லை" என்பார்கள். ஒரு பெண் சாம்பவியின் விண்ணப்பத்தையும் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். "இத்தாலியிலிருந்தா வருகிறீர்கள்? பார்த்தால் அப்படித் தெரியவில்லையே" என்றாள். பாலர் பள்ளிகளில் ஆங்கிலம் சொல்லிக் கொடுக்க ஆள் தேடினார்கள். தங்கள் படத்தை அனுப்பியதும் பதில் வருவது நின்றுவிடும். இரண்டு பேரும் விடுதி மொட்டைமாடியில் நூடுல்ஸ் சாப்பிட்டபடி அந்த மேசைக்காரர்களைப் போல நடித்துக் காட்டிச் சிரிப்பார்கள். சிரிக்காவிட்டால் அழ வேண்டியிருக்கும்.

கடைசியில் ஒரு கம்பெனி அகப்பட்டது. பலெர்மோ இருக்கும் சிசிலித் தீவிலிருந்து ஒலிவ் எண்ணெயும் பாதாமும் வைனும் வாங்கி விற்கிறவர்கள். சிசிலித் தோட்டக்காரர்களோடு இத்தாலியனில் கதைத்து, ஹாங்சோவிலுள்ள முதலாளிமாருக்குச் சீனத்தில் சொல்ல ஆள் வேண்டும். பலெர்மோவில் வளர்ந்த இரண்டு பெண்களுக்கென்றே செய்து வைத்த வேலை மாதிரி இருந்தது. ஆனால் இடம் ஒன்றுதான்.

"ரெண்டு பேரும் போடுவோம். யாருக்குக் கிடைச்சாலும் மற்றவள் சந்தோஷப்படணும்" என்றாள் ஓட்ரி. கையடித்துச் சத்தியம் செய்துகொண்டார்கள்.

அதற்குள் மாணவ விசா முடிந்துவிட்டது. இருவரும் பலெர்மோவுக்குத் திரும்பி வந்தார்கள். நேர்முகம் காணொளியில் நடந்தது. அன்று காலை ஞானம்பிகை குக்கரை விசில் அடிக்க விடாமல் அடுப்பை அணைத்துவிட்டு, கதவுக்குப் பின்னால் நின்று மகளின் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் மகள் கெட்டிக்காரத்தனமாகக் கதைக்கிறாள் என்பது விளங்கியது. அதுதான் அவருக்குப் பயத்தைத் தந்தது.

அடுத்த கிழமை கம்பெனியின் ஆள்சேர்ப்புப் பொறுப்பாளர் லியூ அம்மையார் போனில் கூப்பிட்டார். சாம்பவிதான் தெரிவு. மருத்துவப் பரிசோதனை, பொலிஸ் சான்றிதழ், பட்டச் சான்றிதழின் மூலப்பிரதி எல்லாம் தயார் செய்யச் சொன்னார். ஓட்ரி கட்டிப்பிடித்து அழுதாள். சந்தோஷமும் துக்கமும் கலந்த அழுகை என்று சாம்பவி நினைத்தாள். சான்றிதழ்களுக்கு அலைந்த நாட்களில் வரிசையில் கூட நின்றவளும் ஓட்ரிதான்.

பிறகு கம்பெனியிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. அனுப்பிய செய்திகளுக்குப் பதில் வரவில்லை. ஒருநாள் இரண்டு வரி வந்தது: தேவைகளில் மாற்றம் ஏற்பட்டிருக்கிறது, உங்கள் எதிர்காலத்துக்கு வாழ்த்துகள்.

சாம்பவி அப்போது பொலிதேயாமா சதுக்கத்தில், ஒரு கடையின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். பயணத்துக்கு ஒரு குளிர்ச்சட்டை பார்க்க வந்தவள். அங்கேயே நின்றபடி லியூவைக் கூப்பிட்டாள். திட்டுவதற்கு அல்ல, காரணம் அறிவதற்குத்தான். ஆனால் லியூவின் குரல் குதூகலமாக இருந்தது.

"அட, நீங்களா! முதலில் வாழ்த்தைப் பிடியுங்கள். கல்யாணச் சாப்பாடு எங்களுக்கு இல்லையா?"

"எந்தக் கல்யாணம்?"

"கூச்சப்படாதீர்கள். சொல்ல உங்களுக்குத் தயக்கம் என்று உங்கள் தோழி சொன்னார். கணவரோடு இலங்கைக்குப் போய்விடுவீர்களாமே. எங்களுக்கு ஒரு மனவருத்தமும் இல்லை. நல்லவேளையாக உங்கள் தோழியே அந்த இடத்துக்கு வர ஒத்துக்கொண்டார்."

"எனக்குக் கல்யாணம் இல்லை. யாரையும் நான் கட்டவில்லை" என்றாள் சாம்பவி. சீனத்தில் அதைச் சொல்ல அவளுக்கு முதலாம் ஆண்டுப் பாடமே போதுமாக இருந்தது.

"அப்படியா..." என்றார் லியூ. "ஆனால் உங்கள் தோழியின் வேலை அனுமதிக்கு விண்ணப்பம் போய்விட்டது. மிகவும் வருந்துகிறேன்."

ஓட்ரியின் வீடு அங்கிருந்து நடக்கும் தூரம்தான். கதவைத் திறந்தவளுக்கு, வந்தவளின் முகத்தைக் கண்டதுமே விஷயம் தெரிந்துவிட்டது. உள்ளே வரச் சொல்லவில்லை. வாசலிலேயே நின்று இத்தாலியனில் கதைத்தார்கள்.

"ஏன்?" என்றாள் சாம்பவி.

"உன் அம்மாவைக் கேள்."

"அம்மாவுக்கும் இதுக்கும் என்ன?"

"அவங்கதான் என்னைக் கூப்பிட்டு அழுதாங்க. அவளைப் போகவிடாமல் ஏதாவது செய், உனக்குத்தான் அந்த ஆட்களோட பேசத் தெரியும்னு கெஞ்சினாங்க. நான் முதல்ல மாட்டேன்னுதான் சொன்னேன்."

"அப்ப, அந்த வேலைக்கு நீ போறதும் அம்மா கேட்டதுதானா?"

ஓட்ரி தலையைக் குனிந்தாள். பிறகு நிமிர்ந்து, சண்டைக்காரி போலச் சொன்னாள்: "நீ போகலேன்னா அது யாரோ ஒருத்திக்குப் போகும். அது நானா இருந்தா என்ன? நானும் உன்னளவு அலைஞ்சவதான்."

சாம்பவி அவளை அடிக்கவில்லை. அடிக்க வேண்டும் போல இருந்ததை மட்டும் பின்னாளில் நினைத்துக்கொள்வாள்.

வீட்டில் ஞானம்பிகை வேலையால் வந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். மகள் கேட்டதும் மறைக்கவில்லை.

"ஓம். நான்தான் கேட்டனான்."

"எப்பிடியம்மா உங்களுக்கு மனம் வந்தது?"

"உன்ரை அப்பா என்ன சொல்லிப்போட்டு லண்டனுக்குப் போனவர்? ஆறு மாசம் எண்டவர். இண்டைக்கு அவருக்கு அங்கை வேறை வீடு, வேறை பிள்ளையள். படிக்கப் போய் வந்தாய், சரி. வேலைக்கெண்டு சீனாவுக்குப் போனால் திரும்பி வருவியோ? எனக்கு நீ ஒராள்தானே இருக்கிறாய்."

"அதுக்காக நான் கலியாணம் கட்டுறன் எண்டு பொய் சொல்லச் சொன்னனீங்களோ?"

"கலியாணமோ? நான் அப்பிடிச் சொல்லச் சொல்லேல்லை. ஏதாவது சொல்லு எண்டுதான் சொன்னனான்."

"இப்ப அந்த வேலைக்கு ஓட்ரி போறாள்."

ஞானம்பிகை நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆர்? ஓட்ரியோ? அவள் எனக்குச் சொல்லேல்லையே." "என்ரை கையாலை சாப்பிட்டவள்..."

"உங்களை ஏமாத்தினதுதான் இப்ப உங்களுக்குக் கவலை, என்ன?" என்றாள் சாம்பவி. தாய்க்காக அந்த நேரத்தில் அவளுக்கு ஒரு சொட்டு இரக்கமும் வரவில்லை. தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஓட்ரி சீனாவுக்குப் போய்விட்டாள். போகுமுன் ஒரு தடவை வீட்டுக்கு வந்து மணி அடித்தாள். ஞானம்பிகை கதவைத் திறக்கவில்லை. சாம்பவி ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளும் திறக்கவில்லை.

கொஞ்ச நாளில் சாம்பவிக்குப் பலெர்மோவிலேயே சீனம் பேசும் வேலை ஒன்று கிடைத்தது. பிரான்காச்சோ என்ற புறநகர்ப் பகுதியில், பேருந்தில் போய் இறங்கி நடக்க வேண்டிய இடத்தில், வீட்டுச் சாமான்கள் இறக்குமதி செய்யும் ஒரு கிடங்கு. முதலாளி சென் அம்மா சீனாவின் வென்சோ ஊர்க்காரி. பதினைந்து வருடம் இங்கே இருந்தும் இத்தாலியனில் விலை சொல்வதோடு சரி. சாம்பவி வாயைத் திறந்ததும் அவர் கையிலிருந்த தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார்.

"என் பிள்ளைகளைவிட நன்றாகப் பேசுகிறாயே. எங்கே படித்தாய்?"

"ஹாங்சோவில்."

"பிறகு ஏன் இங்கே வந்தாய்?"

"அங்கே வேலை கிடைக்கவில்லை" என்றாள் சாம்பவி. முழுக் கதையைச் சொல்லுமளவு சீனம் அவளிடம் இருந்தது, ஆசைதான் இல்லை.

வேலை மோசமில்லை. சுங்கக்காரரோடும் கணக்காளரோடும் கதைப்பது, பெட்டிகளின் சிட்டைகளை மொழிபெயர்ப்பது, சென் அம்மாவுக்கும் லாரிக்காரருக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கக் கோபத்தையும் பதமாக்கிக் கடத்துவது. பெர்மெஸ்ஸோ என்ற இத்தாலிய வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க அந்த ஒப்பந்தம் போதும். ஆனாலும் அந்தக் கம்பெனி இருந்த ஹாங்சோவின் கண்ணாடிக் கட்டடத்தை அவள் நினைக்காத நாளில்லை.

தாயும் மகளும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். உப்புக் காணாது, பஸ் பிந்தியது, மழை வரும்போல என்று கதைத்துக்கொண்டார்கள். ஞானம்பிகை ஓரிரு தடவை மன்னிப்பு மாதிரி ஒன்றைத் தொடங்கினார். சாம்பவி எழுந்து போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிடுவாள்.

அடுத்த வசந்தத்தில் சென் அம்மா சரக்கு வாங்கச் சீனாவின் மொத்தச் சந்தை நகரான யீவூவுக்குப் புறப்பட்டார். சாம்பவியும் கூட வர வேண்டும் என்றார். விசா எடுத்தாள், டிக்கெட் எடுத்தாள், பெட்டி வாங்கிக் கிடங்கிலேயே வைத்தாள். வீட்டில் மூச்சு விடவில்லை. புறப்படும் நாள் காலையில், ஞானம்பிகை சின்யோரா வீட்டுக்குப் போகச் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தபோதுதான் சொன்னாள்.

"அம்மா, நான் இண்டைக்குச் சீனாவுக்குப் போறன். வேலை விஷயம்."

ஞானம்பிகை ஒரு காலில் சப்பாத்தோடு அப்படியே இருந்தார். "இப்பதான் சொல்லுறியோ?"

"ஓம்."

"எப்ப வருவாய்?"

டிக்கெட்டில் திரும்பும் தேதி இருந்தது. சாம்பவி அதைச் சொல்லவில்லை. "போயிட்டு வாறன்" என்றாள், வெளியே வந்து கதவை மெதுவாகச் சாத்தினாள்.