கதவுக்குப் பின்னால் இருந்த பலகை

நடக்க முடியாத என் தம்பிக்கு இடமில்லை என்று சொன்ன கோபாலபுரம் பள்ளியில்தான் நான் இப்போது பெருக்குகிறேன். அன்று அம்மா எதுவும் கேட்காமல் அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டாள். போன வருடம் காய்ச்சலில் தம்பி செத்துப்போனான்.

இந்த ஜூனில் ஓர் அக்கா, மகனைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார். அவருக்கும் அதே பதில்தான்.

"சேர்த்துக்கணும்னு சட்டம் கீது சார். முடியாதுன்னா அத்த எழுதிக் குடுங்க" என்றார் அக்கா.

தலைமையாசிரியரான பெரிய சார் எழுதவில்லை. பையனைச் சேர்த்துக்கொண்டார். எனக்கு வயிறு எரிந்தது. இந்த ஒரு வார்த்தை அம்மாவுக்குத் தெரியாமல் போயிற்றே!

மறுநாள் அந்த அக்கா, "ஏம்மா, நாற்காலிய ஏத்த படில போட பலகை எதுனா கீதா?" என்று கேட்டார்.

"இல்லக்கா" என்றேன். அது கதவுக்குப் பின்னால்தான் இருந்தது.

அவர் மகனை இடுப்பில் தூக்கி மூச்சு வாங்கப் படியேறினார். அப்படியே என் அம்மா.

இப்போது தினமும் அவர்கள் வருவதற்குள் பலகையைப் போட்டுவிடுகிறேன். பொறாமை மட்டும் இன்னும் போகவில்லை.