தம்பியைத் தேடிய தெரேஸ் அக்கா

வைத்திக்குப்பத்தில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோதுதான் தெரேஸ் அக்காவின் மகன் செல்வம் போன் செய்தான். "சித்தி, அம்மா போயிட்டாங்க. காபி கேட்டாங்க, நான் கலந்து எடுத்தாறதுக்குள்ள…" என்றான். மீன் ஆய்ந்துகொண்டிருந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்து, "யாரு தாயி?" என்றாள். அரியாங்குப்பத்து தெரேஸ் சிஸ்டர் என்றேன். அவள் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தாள். "எம் பெரியவன எடுத்துக் குடுத்த அம்மாவாச்சே" என்று சொல்லிவிட்டு, ஈரக் கையோடு கடலைப் பார்த்துக் கும்பிட்டாள்.

பிரசவ வார்டில் அவரோடு வேலை பார்த்த நம் எல்லோருக்கும் அந்த முகம் மறக்காது. சுண்ணாம்பு வெள்ளை நிறம், சாம்பல் கண்கள். புதிதாக வரும் கர்ப்பிணிகள் அவரைப் பார்த்ததும் மிரளுவார்கள். அவர் வாய் திறந்ததும் மிரட்சி போய்விடும். "இன்னாம்மா இதுக்கே இப்பிடி கத்துற? இன்னும் நேரம் கெடக்கு, மூச்ச இழுத்து உடு" என்பார், அசல் அரியாங்குப்பத்துக்காரியாக. யாரோ பிரெஞ்சுக்காரருக்குப் பிறந்தவர் என்றுதான் ஊரே நினைத்தது. அவரும் மறுத்ததில்லை.

இரண்டாவது பிரசவத்துக்கு வருகிறவர்களிடம் அவர் தவறாமல் ஒன்று கேட்பார். "பெரிய புள்ளைய யாருகிட்ட உட்டுட்டு வந்த? அதுங்கிட்ட சொல்லிட்டு வந்தியா?" தவளக்குப்பத்திலிருந்து வந்த ஒருத்தி, தூங்கிக்கொண்டிருந்த மகனைப் பக்கத்து வீட்டில் போட்டுவிட்டு வந்ததாகச் சொன்னாள். அக்கா அவள் புருஷனைக் கூப்பிட்டு, "நீ இங்க நின்னு இன்னா செய்யப்போற? போய் அந்தப் புள்ளைகிட்ட அம்மா எங்க போயிருக்குதுன்னு சொல்லிட்டு வா. சொல்லாம வந்தா அது இன்னான்னு நெனைக்கும்?" என்று சத்தம் போட்டுப் பஸ் ஏற்றி அனுப்பினார். இதற்குப் போய் இவ்வளவு கோபமா என்று அன்று எனக்குத் தோன்றியது.

அவர் ஓய்வு பெற்றுப் பல வருடங்கள் கழித்து, கணவர் ஆறுமுகமும் இறந்த பிறகு, ஒரு மத்தியானம் என் வீட்டுக்கு வந்தார். என் மகளுக்காகக் கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட் இணைப்பும் கொடுத்திருந்த சமயம். அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், "கஸ்தூரி, இதுல ஆளத் தேடலாமாமே. எனக்கு ஒரு தம்பி" என்றார். "இருந்தானா, இருக்கானான்னு தெரியல."

முப்பது வருடப் பழக்கத்தில் முதல்முறையாக அன்றுதான் சொன்னார். அவர் பிறந்தது ஜெர்மனியில், ஒரு யூதக் குடும்பத்தில். பிறந்தபோது வைத்த பெயர் எடித். அப்பாவுக்குத் துணிக்கடை. ஹிட்லரின் ஆட்கள் கடையை உடைத்து அவரை இழுத்துக்கொண்டு போனார்கள்; அவர் திரும்பி வரவில்லை. அம்மாவுக்குப் பியானோ தெரியும். புதுச்சேரிக்கு மாற்றலாகி வந்த ஒரு பிரெஞ்சு அதிகாரி தன் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க அவரை உடன் அழைத்துக்கொண்டார். புறப்படும் சமயம் தம்பி ஆர்னோவுக்குத் தட்டம்மை. அவனைக் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். அடுத்த கப்பலில் கூட்டி வருவதாகச் சொல்லிச் சின்னம்மா அவனைத் தன்னிடம் வைத்துக்கொண்டாள். அடுத்த கப்பல் வருவதற்குள் யுத்தம் வந்துவிட்டது. இங்கே வந்த கொஞ்ச காலத்தில் டைபாய்டு கண்டு அம்மா இறந்துபோக, அந்தச் சிறுமியை மாமேர்கள் வளர்த்தார்கள். கன்னியாஸ்திரிகளை நம் ஊர்ப் பழையவர்கள் அப்படித்தானே சொல்வார்கள்? அவர்களே ஞானஸ்நானம் கொடுத்து மரி தெரேஸ் என்று பெயர் வைத்தார்கள். ஜெர்மன் மொழி ஒரு வார்த்தை மிச்சமில்லாமல் போய்விட்டது.

தேட உட்கார்ந்தோம். ஜெர்மனியிலிருந்து சிதறிப்போன யூதக் குடும்பங்களின் வாரிசுகள் ஒருவரையொருவர் தேடிக்கொள்வதற்கென்றே இணையத்தில் ஓர் இடம் இருந்தது. யார் யாரோ எங்கிருந்தெல்லாமோ பெயரும் ஊரும் போட்டு எழுதியிருந்தார்கள். குடும்பப் பெயர் என்ன என்று கேட்டேன். "ஐன்பெர்க்" என்றார். பல மாதங்கள் அந்தப் பெயரை எத்தனையோ விதமாக எழுதித் தேடியும் ஒன்றும் அகப்படவில்லை. வாராவாரம் பாலம் தாண்டிப் பஸ்ஸில் வந்து என் பக்கத்தில் உட்காருவார். ஒன்றுமில்லை என்று நான் சொன்னதும், "சரி, அடுத்த வாரம் வரேன்" என்று எழுந்துகொள்வார். ஒரு நாள் அப்பாவின் கடையைப் பற்றிக் கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "வாசல்ல பெரிய போர்டு. தங்க எழுத்து. மொத எழுத்து ஏணி மாதிரி இருக்கும். ஒரே ஒரு படி வச்ச ஏணி."

எனக்குச் சட்டென்று புரிந்தது. பிரெஞ்சில் H என்ற எழுத்துக்கு ஒலி கிடையாது. மாமேர்கள் அதை உச்சரிக்கவில்லை. அவர்கள் வாயிலிருந்து கேட்டுக் கேட்டு அவரும் மறந்துவிட்டார். ஐன்பெர்க் இல்லை, ஹைன்பெர்க். அந்த எழுத்தைச் சேர்த்ததும் சில வருடங்களுக்கு முன் ஒருவர் ஆங்கிலத்தில் போட்டிருந்த குறிப்பு வந்து நின்றது. எழுதியவர் பெயர் ஆர்னோ ஹைன்பெர்க். இங்கிலாந்திலிருந்து எழுதியிருந்தார். தனக்கு ஐந்து வயதாக இருக்கும்போது அம்மாவும் அக்கா எடித்தும் இந்தியாவுக்குப் போனார்கள் என்றும், பம்பாய், கல்கத்தா, சென்னை எல்லா இடத்திலும் விசாரித்துவிட்டதாகவும், யாருக்காவது தெரிந்தால் சொல்லும்படியும் கேட்டிருந்தார்.

சென்னை வரைக்கும் விசாரித்திருக்கிறார். இந்தியா என்றதும் அந்த மனிதர் பிரிட்டிஷ் சர்க்காரின் ஆவணங்களையே புரட்டியிருக்கிறார். பிரெஞ்சுக்காரன் கையிலிருந்த இந்த ஊர் அவற்றில் ஏது? இருந்திருந்தாலும் எடித் என்று ஒருத்தி அப்போது இல்லையே.

அந்தக் குறிப்பின் முகவரிக்கு நான் எழுதிப்போட்டுப் பதிலுக்குக் காத்திருந்த நாட்களில் அக்காவை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தம்பி வந்தால் எங்கே படுப்பான், காரம் தின்பானா, வேட்டி எடுத்தால் கட்டுவானா என்று ஓயாத பேச்சு. "இத்தினி வருஷத்துப் பொங்கல் சீரையும் மொத்தமா கொண்டாரச் சொல்லி எழுதுடி அவனுக்கு" என்று சொல்லிவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

பதில் ஆர்னோவின் மகள் மிரியத்திடமிருந்து வந்தது. அப்பா போன வருடம் இறந்துவிட்டார் என்று எழுதியிருந்தாள்.

போனில் சொல்ல மனம் வரவில்லை. அரியாங்குப்பத்துக்குப் போனேன். முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தவர், நான் வாசலில் நின்ற விதத்திலேயே தெரிந்துகொண்டார். நான் சொல்லி முடித்தும் கை அரிசியைத் தள்ளிக்கொண்டே இருந்தது. பிறகு நிமிர்ந்து, குழந்தை முறையிடுவதுபோலக் கேட்டார்: "நான் இங்கதானடி இருந்தேன் கஸ்தூரி. எங்கயும் போகலியே. இங்கியேதானே இருந்தேன்?"

முறத்தை வாங்கிக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அடுத்த வருடம் மிரியம் வந்தாள். உயரமான பெண், அக்காவின் அதே சாம்பல் கண்கள். அவளுக்கு ஆங்கிலம், அக்காவுக்குத் தமிழும் பிரெஞ்சும். நடுவில் நான். யுத்தம் தொடங்குவதற்குச் சற்று முன், யூதக் குழந்தைகளைக் காப்பாற்ற இங்கிலாந்துக்கு அனுப்பிய ரயிலில் சின்னம்மா ஆர்னோவை ஏற்றிவிட்டதையும், பிறகு ஹிட்லரின் ஆட்கள் சின்னம்மாவை முகாமில் கொன்றுவிட்டதையும் மிரியம் சொன்னாள். பிறகு கொஞ்சம் தயங்கிவிட்டு, "அப்பா கடைசிவரை ஒன்றை நம்பினார்" என்றாள். அவர் தூங்கிக்கொண்டிருந்தபோது அம்மாவும் அக்காவும் புறப்பட்டுவிட்டார்களாம். கண் விழித்தபோது வீட்டில் சின்னம்மா மட்டும் இருந்தாள். தான் ஏதோ குறும்பு செய்ததால்தான் தன்னை விட்டுவிட்டுப் போனார்கள் என்று அந்தக் குழந்தை நினைத்திருக்கிறது. கிழவரான பிறகும் அப்படியே நினைத்திருக்கிறது.

நான் அதைத் தமிழில் சொன்னதும் அக்கா மார்பில் அறைந்துகொண்டார். "அய்யோ, அவனா? அவன் ஒண்ணுமே செய்யலியே. மொதல்ல அம்மை எனக்குத்தான் வந்தது. எனக்கு எறங்கிடுச்சு. எங்கிட்டருந்துதான் அவனுக்கு ஒட்டிக்கிச்சு. கிட்ட போகாதன்னு அம்மா சொல்லிச்சு, நான்தான் வெளையாடப் போனேன். அவன் மேல தப்பு இல்லன்னு ஒரு வார்த்த, இந்த ஒரு வார்த்ததான்டி சொல்லணும்னு இருந்தேன்."

அறுபது வருடத்துக்கு மேலாக அவர் மனசுக்குள் தம்பியைத் தேடியது இந்த ஒன்றைச் சொல்லத்தான். என்னிடம்கூட அதுவரை சொல்லவில்லை. மிரியம் என் கையைத் தொட்டு, "என்ன சொல்கிறார்?" என்று கேட்டாள். தட்டுத்தடுமாறிச் சொன்னேன். அவள் தரையில் இறங்கி அக்காவின் மடியில் தலையை வைத்துக்கொண்டாள். அக்கா அந்தத் தலையைத் தடவியபடி, "ஒம் மேல தப்பு இல்ல, ஒம் மேல தப்பு இல்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை. யாரிடம் சொல்கிறார் என்பது மிரியத்துக்குத் தெரிந்திருந்தது.

இப்படியாவது சொல்ல முடிந்ததே, மனம் ஆறியிருக்கும் என்று உங்களில் சிலர் என்னிடம் சொன்னீர்கள். ஆறவில்லை. மிரியம் ஊருக்குத் திரும்பிய பிறகு அக்கா பேச்சைக் குறைத்துக்கொண்டார். "கேக்க வேண்டியவன் கேக்கல, இல்ல?" என்று ஒருமுறை கேட்டார். உடம்பும் தளர்ந்துகொண்டே வந்தது.

அடக்கத்தன்று மாதா கோயில் மணி அடித்தது. மருமகள்கள் ஒப்பாரி வைத்தார்கள். செல்வம் தன் அம்மாவின் காதருகே பிடித்திருந்த போனில் மிரியம் எனக்குப் புரியாத ஒரு மொழியில் மெதுவாகப் பிரார்த்தனை சொன்னாள். எதுவும் எதற்கும் இடைஞ்சலாக இல்லை.

அவர் இறப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் கடைசியாகப் பார்க்கப் போயிருந்தேன். கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். என்னை அருகில் உட்காரச் சொல்லிவிட்டு, மருமகள் அடுக்களைக்குப் போகும்வரை காத்திருந்தார். பிறகு சுவரைப் பார்த்தபடியே சொன்னார்: "கஸ்தூரி, எங்கம்மா போனப்பறம் அந்தப் பேரச் சொல்லி என்ன யாரும் கூப்புடல. ஒரு தரம் கூப்புடேன். எப்பிடி இருக்குன்னு கேக்கலாம்."

வயதில் மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு நா எழவில்லை. இருந்தும் கூப்பிட்டேன்.

"எடித்."

"ம்" என்றார். பள்ளிக்கூடம் விட்டு வந்த சிறுமியை அடுத்த அறையிலிருந்து அம்மா கூப்பிட்டால், அவள் எப்படி 'ம்' என்பாளோ அப்படி.

அவருடைய புடவைகளையும் ஜெபமாலையையும் பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள். அந்த 'ம்' என்னிடம் இருக்கிறது.