மூக்கைத் தூக்கும் வண்டி

நூல்காரர் என்றதும் நெசவு வேலை என்று நினைத்துத் துணி விலை கேட்டு வந்தவர்களும் உண்டு. அவர் மெக்கானிக். பழைய பந்தயக் கார்களின் முன்சக்கரங்களைச் சரிசெய்வதுதான் அவர் பிழைப்பு. வண்டியின் இரு பக்கமும் நூல் கட்டி, ஸ்கேல் வைத்து அளந்து பார்ப்பார். அதனால் வந்த பெயர். கை சுத்தம், வாய்தான் கொஞ்சம் நீளம்.

அவர் மனைவியின் தம்பி ஒரு டிராக் ரேஸ் கார் ஓட்டினான். நேர்ப் பாதையில் இரண்டு வண்டிகள் சேர்ந்து பாயும். பார்க்கிறவன் இருமி முடிப்பதற்குள் பந்தயம் முடிந்துவிடும். அந்தக் கார் மைத்துனனைவிட வயதில் மூத்தது. காலால் உதைத்தால்தான் கதவு மூடும். ஆனாலும் இருவருக்கும் அது உயிர். இவன் ஓட்டுவான், அவர் பார்த்துக்கொள்வார்.

ஒருநாள் நூல்காரர் அதன் முன்பக்கத்துக்குக் குட்டையான ஸ்பிரிங் போட்டார். வண்டி தாழ்ந்து, பார்க்க லட்சணமாக நின்றது. வினை அங்கேதான் தொடங்கியது.

"மாமா, கிளம்பின உடனே ஸ்டியரிங் ஒரு பக்கமா இழுக்குது. கையில நிக்க மாட்டேங்குது."

நூல் கட்டிப் பார்த்தார். சக்கரங்கள் நேராகவே இருந்தன. ஆட்டிப் பார்த்தார், ஆட்டமில்லை. வண்டியில் ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். மறுமுறை பந்தயப் பாதையிலேயே வைத்து மைத்துனன் அதையே சொன்னான். நாலு பேர் சுற்றி நின்றார்கள். நாலு பேர் முன்னால் தன் வேலையைக் குறை சொன்னால் நூல்காரருக்குச் சுருக்கென்று கோபம் ஏறிவிடும்.

"வண்டி நேராத்தான் இருக்கு. உன் கைதான் நடுங்குது. பயம் வந்துட்டா ஸ்டியரிங் எல்லாப் பக்கமும்தான் இழுக்கும்."

நாலு பேரும் சிரித்தார்கள். மைத்துனனும் சேர்ந்து சிரித்தான். மாமா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிற பிள்ளை. அடுத்த ஓட்டத்தில் வண்டி இழுத்தபோது அவன் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை. பயமில்லை என்று காட்ட வேண்டுமே. கார் சுழன்று, பின்பக்கம் பாதையோரச் சுவரில் மோதி நின்றது. தோள் எலும்பு முறிந்தது, தலை தப்பியது.

"நீங்க சொன்னது சரிதான் மாமா. என் கைதான்" என்றான் ஆஸ்பத்திரிக் கட்டிலில்.

வண்டி ஷெட்டுக்கு வந்தது. முன்பக்கம் அடிபடவில்லை. நூல்காரர் நூலைக் கட்டிவிட்டு, ஏதோ உறுத்த, ஜாக்கி வைத்து வண்டியின் மூக்கைத் தூக்கினார். தூக்கத் தூக்க, சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி சக்கரங்கள் ஆளுக்கொரு திசையில் திரும்பிக்கொண்டன. இறக்கினால் நேராகின.

இந்த மாதிரி வண்டி கிளம்பும்போது மூக்கைத் தூக்கும். அதனால் தரையில் நிற்கும்போது ஒருமுறை, தூக்கி வைத்து ஒருமுறை அளக்க வேண்டும். வெளியார் வண்டிக்கு அவர் அப்படித்தான் செய்வார். இது வீட்டு வண்டிதானே என்று தரையில் பார்த்ததோடு விட்டிருந்தார். ஸ்பிரிங்கைக் குட்டையாக்கியதில், ஸ்டியரிங்கையும் சக்கரத்தையும் இணைக்கிற டை ராடின் சாய்வு மாறிப்போயிருந்தது. அதை மாற்றியது அவர் கை. பழி விழுந்தது இன்னொருவன் கையில்.

மனைவியிடம் சொன்னார்.

"இனிமே ஓட்ட மாட்டேன்னு தம்பியே சொல்லிட்டான். எனக்கு வயித்துல பால வார்த்த மாதிரி இருக்குங்க. நீங்க போய் எதையும் கிளறாதீங்க."

அவள் தம்பியை நினைத்துச் சொன்னாள். அவர் தன் மானத்தை நினைத்துத் தலையாட்டினார். இரண்டும் ஒன்றுதான் என்று மனதுக்குச் சமாதானம் சொன்னார், மனது கேட்கவில்லை. டை ராடின் முனையில் வாஷர் அடுக்கி, கழற்றி, மறுபடி அடுக்கி, எவ்வளவு தூக்கினாலும் சக்கரம் திரும்பாதபடி செய்தார். ஓட்ட ஆளில்லாத வண்டிக்கு அவ்வளவு பாடு.

தோள் கூடிவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகு, நூல்காரரும் மனைவியும் மைத்துனன் வீட்டுக்குச் சாப்பிடப் போனார்கள். அவனுடைய சின்னப் பெண் தூக்கச் சொல்லி அவனிடம் கையை நீட்டினாள். அவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மனைவியைக் கூப்பிட்டான்.

"பைக்கையும் தொடறதில்ல, இவளையும் தூக்கறதில்ல" என்றாள் அவன் மனைவி. "கை மேல நம்பிக்கை போச்சாம்."

நூல்காரர் பாதிச் சாப்பாட்டில் எழுந்தார். மனைவி கண்ணால் தடுத்ததைப் பார்த்தும் பார்க்காதவர் போல மைத்துனனை ஷெட்டுக்கு அழைத்துப் போனார். அடுக்கியிருந்த வாஷர்களைக் கழற்றினார். பழையபடி மாட்டி, நூல் கட்டி, ஜாக்கியை ஏற்றினார். சக்கரங்கள் திரும்பின.

"உன் கை இல்ல மாப்ள. என் வேலை."

மைத்துனன் குனிந்து பார்த்தான். எழுந்து தன் கையை விரித்து மடக்கினான். அவன் முகம் மலர்வதைப் பார்த்து நூல்காரருக்கு மூச்சு வந்தது.

"எப்ப மாமா கண்டுபிடிச்சீங்க?"

நேற்று என்று சொல்லிவிடலாம். அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்தது.

"நீ ஆஸ்பத்திரில இருந்தப்பவே."

மைத்துனன் கையை மெதுவாகக் கீழே விட்டான்.

"நான் வீட்டுக்கு வந்தப்புறம்தான் பாப்பா நடக்க ஆரம்பிச்சா மாமா. முதல் முதல்ல எழுந்து என்கிட்டதான் நடந்து வந்தா. பிடிச்சா கீழ போட்டுடுவேனோன்னு நான் நகந்துட்டேன்."