அம்புக்கு நெற்றி எது

நகைக்கடையில் பெண்கள் நேரம் எடுக்கிறார்கள் என்று குறை சொல்லும் ஆண்கள், அம்பு தெரிவு செய்யும்போது எப்படி இருக்கிறார்கள் என்று ஒருநாள் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். சுவிற்சர்லாந்தின் சோலோதுர்னில், எங்கள் சாப்பாட்டு மேசையில் என் கணவரும், கனடாவில் இருந்து விடுமுறைக்கு வந்த என் தம்பியும் அந்தப் புரட்டாதி முழுவதும் அதைத்தான் செய்தார்கள். ஒருவர் அம்பை எடுத்து வெளிச்சத்தில் உருட்டுவார். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நேராக இருக்கிறதா என்று பார்ப்பார். "ம்ம்" என்று வைப்பார். பிறகு மற்றவர் அதே அம்பை எடுத்து உருட்டுவார்.

இத்தனைக்கும் எய்யப் போகிறவள் என் மகள்.

அவள் இங்கேயே பிறந்தவள். பள்ளிக்கூடத் தோழி ஒருத்தியோடு, துப்பாக்கி போல விசையை அழுத்தி எய்யும் குறுக்குவில்லுக்கான கழகத்துக்குப் போகத் தொடங்கி, சில வருடங்களில் தோழியை விட நன்றாகக் குறி பார்க்கப் பழகிவிட்டாள். இந்த நாட்டில் குறுக்குவில்லால் பலகையைத்தான் சுடலாம்; விலங்கைச் சுட அனுமதி இல்லை. கனடாவில் தம்பி இருக்கும் மாகாணத்தில் சுடலாமாம். தம்பி அதைச் சொல்லித்தான் அவளை மான் வேட்டைக்குக் கூப்பிட்டிருந்தான். ஐப்பசியில் அவனோடு போவதாக ஏற்பாடு. வில்லையும் வாங்கியாகிவிட்டது. ஊரில் இருந்தபோது கோழி உரிக்கும் பக்கமே வராதவன் இவன். கனடாவில் போய்த்தான் வேட்டைக்காரன் ஆனான்.

எனக்கு மானைப் பற்றிய கவலை இல்லை. மகளின் கண்ணையும் விரல்களையும் பற்றித்தான் கவலை. அவள் மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். ஒரு கண்ணில் உருப்பெருக்கிக் கண்ணாடியைப் பொருத்திக்கொண்டு, எனக்குக் கண்ணிலேயே படாத திருகாணிகளை இடுக்கியால் எடுத்து வைப்பாள். குறுக்குவில்லின் நாண் பெருவிரலைச் சீவிக்கொண்டு போகும் என்று எங்கோ வாசித்த நாளில் இருந்து எனக்கு நித்திரை இல்லை. அதைச் சொன்னால் தம்பி சிரிப்பான்.

"அக்கா, நீ கத்தரிக்காய் வெட்டேக்க விரலை வெட்டினதில்லையோ? அதுக்காகக் கறி வைக்காம விட்டனியோ?"

மேசையில் பெரிய தர்க்கம் அம்பின் முனையைப் பற்றியது. வேட்டை முனை, சவர அலகு போன்ற தகடுகளை வைத்துச் செய்தது. ஒரு வகையில் அலகுகள் அசையாமல் நிற்கும். மற்ற வகையில் மடங்கி இருந்து, பட்டவுடன் விரியும். தம்பி விரிகிற கட்சி. அவனுக்குப் பிடித்த முனைகளின் பெட்டிகளை நான் பார்த்தேன். மேலே மண்டை ஓடு, மின்னல், இரத்தச் சொட்டுப் படங்கள். மான் என்ற அப்பிராணிக்கு எதிராக இவ்வளவு ஆவேசமா? படங்களைப் பார்த்தால் அது ஏதோ இவர்களுடைய காணியைப் பிடித்த விலங்கு என்று நினைக்கத் தோன்றும்.

"இது விரிஞ்சா, அத்தான், ரெண்டு அங்குலம்! மான் நிண்ட இடத்திலயே சரி."

"அப்பிடியே மச்சான்! ரெண்டு அங்குலமோ!" என்பார் என் கணவர். அவர் வாழ்நாளில் நுளம்பைத் தவிர எதையும் கொன்றதில்லை.

அது நவராத்திரி நாட்கள். இருவரும் மச்சம் மாமிசம் விட்டிருந்தார்கள். முட்டை சேர்த்திருக்குமோ என்று கேக்கைக்கூடத் தொடாமல், மானின் நெஞ்சுக்கூட்டை எந்தத் தகடு நன்றாகப் பிளக்கும் என்று பேசினார்கள். சாம்பாறை ஊற்றியபடி நான் கேட்டுக்கொண்டு நின்றேன்.

மகள் மட்டும் ஆவேசப்படவில்லை. வில்லைச் செய்தவர்கள் கொடுத்த சிறு புத்தகத்தைப் படித்தாள். எந்த நீளம், எவ்வளவு பாரத்துக்குக் குறையக்கூடாது, வால் எப்படி இருக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருந்தது. அம்பு பாரம் குறைந்தால் வேகமாகப் போகும், ஆனால் வில்லுக்குக் கூடாது என்று எனக்குப் பொறுமையாகச் சொன்னாள். அசையாத மூன்று அலகு முனையைத் தெரிவு செய்தாள். பயிற்சிக்கு அதே பாரத்தில் மொட்டை முனை. வாலுக்குச் சிவப்புப் பிளாஸ்டிக் மூடி. அதன் நுனியில் நாண் வந்து உட்காருவதற்குப் பிறை போல ஒரு பள்ளம்.

"புத்தகம் பார்த்து மான் சுடுற ஆள் உன்ர மகள் ஒராள்தான்," என்றான் தம்பி.

"நை, மாமா," என்று இந்த நாட்டுப் பாஷையில் மறுத்தாள் அவள். "புத்தகம் பார்த்து அம்பு வாங்கிறன். மானை மானைப் பார்த்துத்தான் சுடுவன்."

பிறகு ஆயுத பூசை வந்தது. எங்கள் வீட்டில் அன்று வாகனத் திறப்புக் கொத்து, கணினி, என் தையல் இயந்திரம் எல்லாம் சாமிப் படத்துக்கு முன்னால் போகும். இந்த முறை உண்மையிலேயே ஒரு ஆயுதம் கிடைத்த சந்தோஷத்தில் என் கணவர் தலைகால் தெரியாமல் நின்றார். சந்தனத்தைக் குழைத்து, வில்லுக்குப் பொட்டு வைத்தார். பிறகு அம்புகளை வரிசையாக அடுக்கினார். இங்கே அவருக்கு ஒரு சந்தேகம்.

"மச்சான், அம்புக்கு நெற்றி எது? கூரோ, வாலோ?"

"கூர்தானே முன்னுக்குப் போகுது," என்றான் தம்பி. "ஆனா நாண் தள்ளுறது வாலை. ரெண்டிலயும் வையுங்கோ, பிழையில்லை."

இரண்டிலும் வைத்தார். வாலில் வைத்த சந்தனம் பிறைப் பள்ளத்தில் நன்றாக இறங்கியது. மேலே குங்குமம். மகள் அன்று வேலையில் இருந்தாள். மாலையில் வந்தவள் கூரில் இருந்த பொட்டுகளைத் துடைத்தாள். வாலில் இருந்தது சிவப்பில் சிவப்பாகக் காய்ந்து கிடந்தது. யாருக்கும் தெரியவில்லை.

சனிக்கிழமை, கணவரோடு வேலை செய்யும் ஒருவருடைய தமையனின் பண்ணைக்குப் போனோம். களஞ்சியத்துக்குப் பின்னால் வைக்கோல் கட்டுகளை அடுக்கி இடம் ஒழுங்கு செய்திருந்தார்கள். நான் ரோல்ஸும் தேத்தண்ணியும் கொண்டுபோயிருந்தேன். மகள் தானே நாணை இழுத்து மாட்டினாள். அம்பை வைப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்ப்பது அவள் வழக்கம்.

"விடு பிள்ளை, நான் வைக்கிறன். மான் உனக்காகக் காத்துக்கொண்டு நிக்காது," என்று தம்பி ஒன்றை எடுத்து, வில்லின் நடுவே தண்டவாளம் போல ஓடும் தடத்தில் தள்ளிவிட்டான்.

அவள் விசையை அழுத்தினாள். நான் அதற்கு முன்பு கேட்ட சத்தம் ஒரு தட்டு. இது வெடி. அம்பு வைக்கோலுக்குப் போகவே இல்லை. வில்லுக்கு அடியில் புல்லில் விழுந்தது. பள்ளம் அடைபட்டிருந்ததால் நாண் அதில் உட்காராமல் மேலால் வழுக்கி வெறுமையாக ஓடி, வில்லின் ஒரு கை பிளந்து சிதறியிருந்தது. மகள் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு குந்தியிருந்தாள். விரல்களுக்கு இடையால் இரத்தம் வந்தது.

அந்தக் கையை விலக்க எனக்குத் துணிவு வரவில்லை. அவளே விலக்கினாள். புருவம் கிழிந்திருந்தது. கண் இருந்தது.

மருத்துவமனையில் தையல் போடும்வரை வெளியே இருந்த இருவரும் விளக்கம் சொன்னார்கள். தம்பிக்கு வில் மலிவுச் சரக்கு. கணவருக்குக் கதை வேறு.

"பொட்டு வைச்சபடியாத்தான் கண் தப்பினது. அம்மாள் காப்பாத்திப்போட்டா."

"பொட்டு வைச்சபடியாத்தான் வில்லு உடைஞ்சது," என்றேன். "அம்மாளுக்கு உங்கட வேலையைத் திருத்திறதே வேலையாப் போச்சு."

அதோடு இது முடிந்தது என்று நினைத்தேன். அன்றிரவே தம்பியிடம், அவள் வரமாட்டாள் என்று நானே சொன்னேன். மறுநாள் காலை மகள், வீங்கிய புருவத்தோடு, மிச்ச அம்புகளை எல்லாம் குப்பைப் பையில் போட்டுக் கட்டினாள்.

"நான் போறன் அம்மா. அங்க வேற வில்லு எடுப்பன். மாமா, ஒண்டு மட்டும். என்ர அம்பில நீங்கள் கை வைக்கக்கூடாது. அப்பாவும்."

"அடேயப்பா," என்றான் தம்பி. ஆனால் ஒத்துக்கொண்டான். நான் ஒத்துக்கொள்ளவில்லை, என்னை யாரும் கேட்கவும் இல்லை.

அவள் கனடாவில் நின்ற நாட்களில் தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் அடுப்பை நிறுத்திவிட்டு ஓடினேன். கடைசியில் அழைத்தது தம்பிதான். அவன் குரலில் அவ்வளவு இளக்காரம்.

"அக்கா, உன்ர மகள் செய்ததைக் கேட்டியோ? கிட்ட வந்து நிண்ட மானை விட்டிட்டாள். வில்லை நிமித்தினவள், பிறகு கீழ பதிச்சு அம்பின்ர வாலைத் தடவிப் பாக்கிறாள்! மான் ஓடிப்போட்டுது. இவள் வேட்டைக்குச் சரிவராள்."

"ஓம், சரிவராள்," என்றேன். "அவளிட்டக் குடு ஃபோனை."

அவள் வந்தாள். குளிரில் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. கண் எப்படி என்று கேட்டேன். நல்லா இருக்கு என்றாள். விரல் என்று கேட்டேன்.

"பத்தும் இருக்கு அம்மா. நாளைக்கும் காட்டுக்குப் போறம்."

வாலைப் பார்க்காமல் வைக்காதே என்றேன். பார்த்தேன்தானே, அதனால்தான் மான் போனது என்றாள். இன்னும் எத்தனை மான் போனாலும் பார் என்றேன்.