வலது காலின் அடிப்பக்கம்

அந்தப் பெரிய தேவாலயத்தில் இருபத்திரண்டு வருடம் தரை துடைத்தவள், இப்போது அதே தேவாலயத்தைச் சுற்றிக் காட்டும் தனி வழிகாட்டி. பக்கத்தில் ஒட்டியிருக்கும் கலைக்கூடத்தின் பதினான்கு அறைகளும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. சக வழிகாட்டிகள் அவளுக்கு வைத்த பெயர் வாயாடி. முகத்துக்கு நேரே கூப்பிடுவார்கள்; அவளும் சந்தோஷமாகத் திரும்பிப் பார்ப்பாள்.

தரை துடைத்தவள் எப்படி வழிகாட்டி ஆனாள் என்றால், காதால்தான். அது வண்ணக் கல் பதித்த தரை. தண்ணீர் அதிகம் பட்டால் கல் பெயர்ந்துவிடும். கம்பு வைத்த துடைப்பானெல்லாம் அங்கே ஆகாது. ஈரத்துணியோடு மண்டி போட்டு, சாண் சாணாகத் துடைக்க வேண்டும். அப்படித் துடைக்கும்போது தலைக்கு மேலே வழிகாட்டிகள் பேசிக்கொண்டே போவார்கள். எந்த ஓவியம், எந்த நூற்றாண்டு, எந்த மன்னன் காசு கொடுத்தான், அத்தனையும் அவள் காதில் விழுந்தது. ஒரே புளுகை மூன்று மொழியில் கேட்டவள் அவள். வழிகாட்டித் தேர்வுக்கு விண்ணப்பம் போட்டபோது அலுவலகமே சிரித்தது. முதல் தடவை தோற்றாள், இரண்டாம் தடவை ஜெயித்தாள். அதன்பிறகு யாரும் சிரித்ததாகத் தெரியவில்லை.

மற்றவர்கள் கூரையைப் பார்த்துக் கை நீட்டுவார்கள். இவள் "கொஞ்சம் குனிங்க" என்பாள். விருந்து ஓவியத்தின் முன்னால் பெரிய மனிதர்களையெல்லாம் மண்டி போட வைப்பாள். மேசைக்கு அடியில் ஒரு சீடர் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு காலால் மறுகாலைச் சொறிந்துகொண்டிருப்பார். நின்று பார்த்தால் விளக்குப் பளபளப்பில் அது கண்ணில் படாது. கையேட்டிலும் கிடையாது, எழுதியவர்கள் மண்டி போட்டிருந்தால்தானே!

இதுவரை யாருக்கும் ஆட்சேபம் இல்லை. வம்பு வந்தது புனிதரின் காலால்.

தேவாலயத்தின் நடுவே பளிங்கில் ஒரு புனிதர் உட்கார்ந்திருக்கிறார். வலது பாதம் பீடத்தைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இடது பாதத்தின் பாதிக் கனம்கூட அதற்கு இல்லை. பக்தர்கள் கொடுத்த முத்தத்தில் தேய்ந்தது என்கிறது கையேடு. கடையில் 'முத்தப் பாதம்' என்று சாவிக்கொத்து விற்கிறார்கள். வாயாடி மட்டும் தன்னிடம் வருகிறவர்களிடம் வேறு கதை சொன்னாள். யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள்.

வழிகாட்டிகளின் கண்காணிப்பாளர் அவளைக் கூப்பிட்டு நிற்கவைத்தே பேசினார். "உங்க வழிகாட்டி அட்டையைப் புதுப்பிக்கணும். வியாழக்கிழமை நான் கூடவே வர்றேன். கையேட்டுல இருக்கறதைச் சொன்னா கையெழுத்து. இல்லேன்னா அட்டையைக் கழட்டிக் குடுத்துட்டுப் போகலாம்."

வியாழக்கிழமை காலை மாமியாரும் அதையேதான் சொன்னாள். அவளைத் தரை துடைக்கும் வேலைக்குக் கூட்டிப்போனவளே மாமியார்தான். வீட்டில் உப்புப் பெறாத விஷயத்துக்கெல்லாம் இருவருக்கும் சண்டை. தேவாலயத்தில் மட்டும் பக்கத்துப் பக்கத்து வரிசையில் துடைத்தார்கள். முட்டி இரண்டும் போய், மாமியார் இப்போது சக்கர நாற்காலியில் இருக்கிறாள்.

"அந்தக் காலும் தேஞ்சுது, என் முட்டியும் தேஞ்சுது. சரிக்குச் சரி ஆயிடுச்சு. வாயை வச்சுக்கிட்டு சும்மா இரு. பேத்தி காலேஜு முடிக்க வேண்டாமா?"

"நீங்க சும்மா இருந்தீங்களா அத்தை, என்கிட்ட ஒரு நாளாவது?"

மாமியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு காப்பியைக் குடித்தாள்.

வாயாடிக்குப் பயம் இல்லாமல் இல்லை. அட்டை போனால் மறுபடி ஈரத்துணிதான், அதற்கு அவள் முட்டியும் இனி இடம் கொடுக்காது. வழி நெடுக 'பக்தர்களின் முத்தத்தால்' என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் பாதியிலேயே நிறுத்தினாள்.

அன்றைக்கு வந்தவர்கள் இரண்டே பேர். ஓய்வுபெற்ற பல் மருத்துவர், அவர் மனைவி. பின்னாலேயே கண்காணிப்பாளர், கையில் மதிப்பீட்டுத் தாளோடு. கலைக்கூடம் முழுக்க ஒரு குறையும் இல்லை. தேவாலயத்துக்குள் வந்து, கயிறு கட்டிய பீடத்தின் முன்னால் நின்றார்கள்.

"இது முத்தத்தால தேஞ்ச கால்னு கடையில சாவிக்கொத்து விக்கிறாங்க. வேணும்னா வாங்கிக்கங்க. ஆனா இது தேஞ்சது முத்தத்தால இல்லை, தரை துடைச்சவங்க கையால" என்றாள். "மண்டி போட்டு ஒரு வரிசை துடைச்சு முடிச்சா, சும்மா எந்திரிக்க முடியாது. இந்தக் காலைப் பிடிச்சுத்தான் எந்திரிப்போம். நான், என் மாமியார், எங்களுக்கு முன்னாடி எத்தனையோ பொம்பளைங்க."

கண்காணிப்பாளரின் பேனா தாளில் பாய்ந்தது. "போதும்மா. ஆதாரம் இருக்கா?"

"காலே ஆதாரம் சார். முத்தம் குடுக்கறவங்க மேலதானே குடுப்பாங்க? மேல நகம்கூட அப்படியே இருக்கு. தேஞ்சது பூரா அடிப்பக்கம்."

பல் மருத்துவர் கழுத்தை நீட்டினார். "நாப்பது வருஷம் தேஞ்ச பல்லைப் பாத்தவன் நான். எங்க தேஞ்சிருக்கோ அங்கதான் உரசல். அடியில என்ன இருக்குன்னு பாத்துட்டாப் போச்சு."

"ஆரம்பிச்சிட்டாரு" என்றாள் அவர் மனைவி.

"யாரும் உள்ள வரக்கூடாது. நானே பாக்கறேன்" என்று கண்காணிப்பாளர் கயிற்றை அவிழ்த்தார். தாளையும் பேனாவையும் பல் மருத்துவரின் மனைவியிடம் கொடுத்துவிட்டு, முழுக்கால் சட்டை இறுக்கிப் பிடிக்க, கஷ்டப்பட்டு மண்டி போட்டார். கைபேசி வெளிச்சத்தைப் பாதத்துக்கு அடியில் அடித்தார். பளிங்கில் பக்கத்துப் பக்கத்தில் நான்கு பள்ளம். ஒவ்வொரு பள்ளமாக வெளிச்சத்தை நகர்த்திப் பார்த்தார்.

பிறகு எழுந்திருக்க வேண்டுமே! கைபேசியைப் பையில் போட்டுக்கொண்டு இடது கையைத் தரையில் ஊன்றினார். அப்போதுதான் துடைத்த கல், வழுக்கியது. இன்னொரு தடவை முயன்றார். முடியவில்லை. முகம் சிவந்துவிட்டது.

"வெக்கப்படாதீங்க சார். காலைப் பிடிங்க" என்றாள் வாயாடி.

அவள் சொல்வதற்குள் அவருடைய வலது கை தானாகவே மேலே போயிருந்தது. நான்கு விரலும் நான்கு பள்ளத்தில் உட்கார்ந்தன. பெருவிரல் பக்கவாட்டில் தன் இடத்தைக் கண்டுபிடித்துக்கொண்டது. ஒரு மூச்சில் எழுந்து நின்றுவிட்டார். வாயாடிக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. அந்தப் பள்ளங்களில் மாமியாரின் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், கண் கலங்கியது.

பல் மருத்துவரின் மனைவி தாளை நீட்டினாள். கடைசிக் கேள்வி ஒன்று பாக்கி இருந்தது: வழிகாட்டி தவறான தகவல் எதுவும் தந்தாரா? கண்காணிப்பாளர் தன் உள்ளங்கையைப் பார்த்தார். 'இல்லை' என்று எழுதி, கையெழுத்தும் போட்டார்.

"கடையில முத்தம்னுதான் விப்போம்" என்றார், யாரையும் பார்க்காமல்.

"வித்துக்கங்க சார். நான் கைன்னுதான் சொல்லுவேன்." அவள் அட்டையைச் சட்டையில் நேராகக் குத்திக்கொண்டாள். "நாளைக்கு என் மாமியாரைக் கூட்டிட்டு வர்றேன், சக்கர நாற்காலியில. அவங்க கையை அதுல வச்சுக் காட்டணும். கயிறை நீங்கதான் அவுக்கணும்."