குடத்துக்குக் கட்டிய வேட்டி

சித்தப்பா ஓர் எவர்சில்வர் குடத்தோடு மல்லுக்கட்டிய அந்த ஞாயிற்றுக்கிழமையைப் போலக் குதூகலமான நாள் எனக்கு அதற்கப்புறம் வாய்க்கவே இல்லை. எண்பதுகளின் தொடக்கம். மதுரை சிம்மக்கல்லில் எங்கள் வீடு. சித்தப்பாவுக்குக் கேமராக் கிறுக்கு. அப்பாவோ அவரை அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு ரைஸ்மில்லுக்குக் கணக்கெழுத அனுப்புவதாக வாக்குக் கொடுத்துவிட்டார். மில்காரர் அப்பாவின் கட்சிக்காரர். அந்த நேரம் பார்த்து ஒரு பாத்திரக்கடைக்காரர், காலண்டரில் போடக் குடத்தைக் கலரில் படமெடுத்துத் தரச் சொன்னார். படம் நன்றாக வந்தால் கேமரா, இல்லாவிட்டால் மில் என்று அப்பா சொல்லிவிட்டார்.

மொட்டை மாடியில் வைத்த பிறகுதான் குடத்தின் குணம் தெரிந்தது. சித்தப்பா, கேமரா, பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த பாவாடை எல்லாம் அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டன. நானும் அக்காவும் பூசணிக்காய் மூக்கோடு தெரிந்தோம். எங்களுக்கு ஒரே கொண்டாட்டம். சித்தப்பாவுக்கு அழுகை வராத குறை. பளபளப்பைக் குறைக்க முகப் பவுடரைப் பூசினார். குடம் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியதைப் போல நின்றது.

அப்புறம் அவருக்கு ஒரு யோசனை உதித்தது. மேசையைக் கவிழ்த்து, நடுவில் குடத்தை வைத்து, நாலு கால்களையும் சுற்றித் துணி கட்டிவிடுவது. லென்ஸுக்கு மட்டும் ஓர் இடைவெளி. போர்வையைக் கட்டினோம். அதிலிருந்த பூவெல்லாம் குடத்தில் பூத்துவிட்டது. வெள்ளைத் துணிதான் வேண்டும் என்றார். அம்மா கொஞ்சம் தயங்கிவிட்டுக் கீழே போய், பீரோவிலிருந்து அப்பாவின் புது வேட்டியையே எடுத்து வந்துவிட்டாள். மாநாட்டுக்குக் கட்டுவதற்கென்று அப்பா பத்திரப்படுத்தியிருந்த, கட்சிக் கரை போட்ட வேட்டி!

"அவுக வாரதுக்குள்ள முடிச்சிருங்க தம்பி" என்றாள்.

வேட்டியைச் சுற்றியதும் அடித்த வெயில் அப்படியே அடங்கி, துணிக்குள் மெதுவாக இறங்கியது. எங்கள் மூக்குகளைக் காணோம். குடத்தின் கழுத்தும் வயிறும் மெத்தென்று துலங்கின. நான் கைதட்டிக் குதித்தேன். சித்தப்பா சுடுதரையில் குப்புறப் படுத்துக் கேமராவில் கண்ணை வைத்தார். அப்போதுதான் படியில் அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டது.

வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். வேட்டியைப் பார்த்தார். அம்மா சுவரோரம் ஒண்டிக்கொண்டாள். அப்பா சித்தப்பாவை எழுப்பிவிட்டு, தானே குப்புறப் படுத்துக் கேமரா வழியாகப் பார்த்தார். எனக்குச் சிரிப்பும் பயமும் சேர்ந்து வந்தன.

"ஏண்டா, கொடத்துக்கு நம்ம கட்சிக் கரையக் கட்டி விட்டுருக்கியே, அந்தக் கடைக்காரரு எந்தக் கட்சின்னு மறந்துட்டியா?"

அவசரத்தில் யாரும் கவனிக்கவில்லை. குடத்தின் இடுப்பைச் சுற்றி அரைஞாண் கட்டியதைப் போல வேட்டிக் கரையின் பிம்பம் ஓடியது. கடைக்காரர் எதிர்க்கட்சி. "அண்ணே…" என்று சித்தப்பா கரையை உள்ளங்கையால் மறைக்கப் பார்த்தார்.

கல்யாண வீடோ இழவு வீடோ, கரை பளிச்சென்று தெரியக் கட்டிக்கொண்டு போகிற மனிதர் அப்பா. அவரே தன் கையால் அந்தக் கரையை வெளிப்பக்கமாகச் சுருட்டி மறைத்தார். "ம், இப்ப எடு" என்றார். காற்றில் துணி ஆடாதபடி பிலிம் ரோல் தீரும்வரை பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு சட்டையில் ஒட்டிய தூசியைத் தட்டிவிட்டுச் செருப்பை மாட்டினார்.

"மில்லு வரைக்கும் போறேன். தம்பி வேலைக்கு வரலன்னு சொல்லிட்டு வாரேன்."

சித்தப்பா குடத்தைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். ஜெயித்துவிட்டு ஏன் அழுகிறார் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. படம் அவ்வளவு அருமையாக விழுந்ததனால்தான் அப்பா மனசு மாறினார் என்று தெருவெல்லாம் ஓடிச் சொல்லி வந்தேன். அந்த பிலிம் இன்னும் கேமராவுக்குள்தான் இருக்கிறது, அதைக் கழுவக்கூட இல்லை என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவே இல்லை.